அவதூறு கேஸ் போடுவேன்னு மிரட்டினா புகார வாபஸ் வாங்கணுமா?

வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்ததும் எங்க வேலூர் பக்கம் ஜனங்க கேக்குற முதல் கேள்வி, போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாங்கிறதுதான். சத்துவாச்சாரி கோர்ட்டுல ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன், அதனால இந்தக் கேள்விய பல பேர் வாயால கேட்டுட்டேன். அவதூறு விஷயத்துல பதில் ரொம்ப சுலபம், வர மாட்டாங்க. நம்ம நாட்டுல அவதூறு கிரிமினல் குத்தம்தான், ஆனா போலீஸ் தானா எஃப்ஐஆர் போட்டு வாரண்ட் இல்லாம அரெஸ்ட் பண்ற குத்தம் இல்ல. ஜாமீன் உண்டு, ரெண்டு பேரும் ராசியாயிட்டா கேஸ முடிச்சுக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு வந்து தனிநபர் புகார் குடுத்து, கூண்டுல ஏறி, சாட்சியையும் கூட்டிட்டு வந்து நடத்தணும். இது தெரிஞ்சவங்க நோட்டீஸ் அனுப்புறாங்க, தெரியாதவங்க பயந்துபோய் நியாயமா குடுத்த புகாரையே வாபஸ் வாங்குறாங்க, அதத்தான் எழுதணும்னு இருந்தேன்.

2024ல புது கிரிமினல் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில மேல்தோல் தைக்கிற பொண்ணு ஒருத்தி எங்க ஆபீசுக்கு வந்துச்சு. சூப்பர்வைசர் கை வெக்கிறான்னு கம்பெனில இருக்கற பெண்கள் புகார் கமிட்டிக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கு, வேற யார்கிட்டயும் சொல்லல, வீட்டுல கூட சொல்லல. கொஞ்ச நாள்ல அந்த ஆள் வக்கீல் வெச்சு நோட்டீஸ் விட்டுட்டான். எழுத்துல மன்னிப்பு கேட்டு புகார வாபஸ் வாங்கலன்னா கிரிமினல் கேஸு, அதுக்கு மேல பத்து லட்சம் நஷ்டஈடுன்னு. வீட்டு அட்ரஸுக்கு வந்த தபால மாமியார் வாங்கி, பக்கத்து வீட்டு காலேஜ் பையன விட்டு படிக்கச் சொல்லி, தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. "இன்னாண்ணா இது, ரெண்டு வருஷம் ஜெயிலுன்னு எழுதிக்கீது, கொழந்தைய யார்ணா பாத்துப்பாங்க"ன்னு கேட்டுச்சு. பயப்படாதமா, இது நிக்காதுன்னு எங்க வக்கீல் பொறுமையா அரை மணி நேரம் எடுத்துச் சொன்னாரு. தலையாட்டிட்டுப் போன பொண்ணு அடுத்த வாரமே மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வேலையையும் விட்டுடுச்சு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கல.

சட்டத்துல என்னதான் இருக்கு? 1860ல வெள்ளைக்காரன் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்துல 499, 500 செக்‌ஷன். 2024 ஜூலை 1லேருந்து அது பாரதிய நியாய சன்ஹிதா 356. விஷயம் பெரும்பாலும் அப்படியே பழசுதான், கூடிப்போனா ரெண்டு வருஷம் வெறுங்காவல் (கடின வேலை இல்லாத ஜெயில்), இல்ல அபராதம், இல்ல ரெண்டும், புதுசா சமூக சேவைன்னு ஒண்ணு சேத்திருக்காங்க. இங்கிலாந்து சட்டத்துல வாயால சொன்னது வேற எழுதுனது வேறன்னு பிரிப்பாங்க, இங்க அந்தப் பிரிவினை கிடையாது, பேச்சு, எழுத்து, சைகை, படம் எல்லாம் ஒண்ணுதான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இதுல அடங்கும். ஆனா மூணாவது ஆள் காதுக்கோ கண்ணுக்கோ போகணும். ஒருத்தன தனியா கூப்ட்டு மூஞ்சிக்கு நேரா நீ திருடன்டான்னு சொன்னா அது இந்த செக்‌ஷன்ல வராது. செத்துப்போனவங்கள பத்தி அவங்க குடும்பத்து மனசு நோகணும்னே பேசினாலும் குத்தம், கம்பெனி, சங்கம் இதுங்கள பத்தி பேசினாலும் வரும். நேரா சொல்லாம குத்தலா, ஜாடையா எழுதுனேன்னு தப்பிக்கவும் முடியாது.

நிறைய பேர் சறுக்குற எடம் உண்மைங்கிற எடம். நான் சொன்னது நெசம், அப்புறம் எப்படி கேஸ்னு சண்டைக்கு வருவாங்க. நஷ்டஈடு கேக்குற சிவில் கேஸ்ல உண்மைய நிரூபிச்சா போதும். கிரிமினல்ல அது பத்தாது, உண்மையாவும் இருக்கணும், அத வெளிய சொல்றது பொது நன்மைக்காகவும் இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரருக்கு பழைய கடன் இருக்கு, அவரு பொண்ணு நிச்சயம் நின்னுபோச்சுன்னு தெரு குரூப்ல போட்டா, அத்தனையும் நெசமா இருந்தாலும் ஊருக்கு அதனால என்ன நன்மைன்னு கோர்ட் கேக்கும். எனக்கு இந்தப் பகுதியில சட்டத்து மேல பெரிய மனஸ்தாபம் இல்ல, குடியாத்தம், பேர்ணாம்பட்டு மாதிரி ஊர்ல ஒரு வதந்தி ஒரு பொண்ணு கல்யாணத்தையே நிறுத்திடும், பாத்திருக்கேன்.

அதே செக்‌ஷன்ல பத்து விதிவிலக்கு இருக்கு. அதுல எட்டாவது விதிவிலக்க தறி நெய்யறவங்க, பீடி சுத்தறவங்க, தோல் கம்பெனில வேலை பாக்குறவங்க எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு ஆசைப்படுறேன். ஒருத்தர் மேல நடவடிக்கை எடுக்க சட்டப்படி அதிகாரம் இருக்கற ஆள்கிட்ட நல்லெண்ணத்தோட குத்தச்சாட்டு வெச்சா அது அவதூறு இல்ல. கமிட்டி, கலெக்டர், தாசில்தார், ஸ்டேஷன், மாஜிஸ்ட்ரேட், யாருக்கு அந்த அதிகாரம் இருக்கோ அவங்கள்ட்ட கூசாம சொல்லலாம். அந்தப் பொண்ணு செஞ்சது இதத்தான். 2013ல வந்த வேலையிடத்து பாலியல் தொல்லை தடுப்புச் சட்டமும் புகார நிரூபிக்க முடியலங்கிற ஒரே காரணத்துக்காக நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லன்னு தெளிவா சொல்லுது, பொய்னு தெரிஞ்சே வன்மத்தோட குடுத்தாதான் பிரச்சினை. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஒரு பேப்பர் அவள வேலைய விட்டு அனுப்பிடுச்சுன்னா, பயம் எங்கேருந்து வருது? தண்டனைல இருந்து இல்ல, வாய்தாவுல இருந்துதான். ஒரு வாய்தாவுக்கு ஒருநாள் கூலி போச்சு, பஸ்காசு போச்சு, சூப்பர்வைசர் மொறைப்பான், கோர்ட்டுக்கு போறவன்னு ஊர் பேசும். கேஸ் நிக்காமலே போகட்டும், அது தள்ளுபடி ஆகுற வரைக்கும் இழுக்குறதே தண்டனை.

பெரிய ஆளுங்களுக்கே அப்படித்தான் இழுத்திருக்கு. நடிகை குஷ்பு 2005ல ஒரு பேட்டில சொன்ன கருத்துக்காக அவர் மேல 23 புகார், பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்கள்ல, புகார் குடுத்தவங்கள பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. 2010ல சுப்ரீம் கோர்ட் அத்தனையும் ரத்து பண்ணுச்சு, ஆனா அதுக்குள்ள அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. தனக்குப் பாலியல் தொல்லை குடுத்தார்னு சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல, முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் 2018ல போட்ட கேஸ்ல 2021 பிப்ரவரி 17 அன்னிக்குதான் டெல்லி கோர்ட் விடுதலை குடுத்துச்சு, பல வருஷம் கழிச்சும் ஒரு பெண் தனக்கு நடந்தத சொல்லலாம்னு அந்தத் தீர்ப்பு சொன்னது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். நம்ம ஐகோர்ட்டும் 2020 மே மாசம், பத்திரிகை ஆசிரியர்கள் மேல தமிழ்நாடு அரசு போட்டிருந்த பல அவதூறு கேஸ ரத்து பண்ணி, அரசாங்கம் தொட்டதுக்கெல்லாம் இத தூக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு.

ஆனா சட்டமே வேணாம்னு கேட்டுப் போனப்ப, 2016 மே 13ல சுப்ரமணியன் சுவாமி வழக்குல சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னு சொல்லிடுச்சு, மானமும் வாழ்ற உரிமைல ஒரு பகுதிங்கிறது அவங்க வாதம். மானம் பெருசுதான், அத நான் மறுக்கல. அதுக்கு ஜெயில் எதுக்குன்னுதான் கேக்குறேன். இந்தச் சட்டத்த நமக்குக் குடுத்துட்டுப் போன இங்கிலாந்துலயே 2010ல கிரிமினல் அவதூற எடுத்துட்டாங்க, பக்கத்துல இலங்கை 2002லயே எடுத்துடுச்சு, அங்கல்லாம் மானம் பறிபோனவங்க சிவில் கோர்ட்டுக்குப் போறாங்க.

இத எங்க வக்கீல்கிட்ட சொன்னப்ப அவர் ஒத்துக்கல. சிவில்ல போனா கேக்குற தொகைக்கு ஏத்தமாதிரி கோர்ட் ஃபீஸ் கட்டணும்யா, கூலிக்காரன் பொண்டாட்டிய ஒருத்தன் ஊரெல்லாம் கேவலமா பேசினா அவன் எங்க போய் ஃபீஸ் கட்டுவான், அவனுக்கு இந்தத் தனிநபர் புகார்தான் கதின்னாரு. அதுல நியாயம் இருக்கு, யோசிச்சுப் பாத்தேன். ஆனாலும் நான் பாத்த வரைக்கும் இந்த செக்‌ஷன கையில எடுக்குறவங்க அதிகமா காசு இருக்கறவங்கதான், அடி வாங்குறது இல்லாதவங்கதான், அதனால ஏழைங்களுக்கு ஃபீஸ கொறைச்சு குடுத்துட்டு ஜெயில எடுக்கறதுதான் சரின்னு நெனைக்கிறேன்.

அது வர்ற வரைக்கும், இப்படி நோட்டீஸ் வந்தா தயவுசெஞ்சு உடனே எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நோட்டீஸ்ங்கிறது கேஸ் இல்ல. புகார் குடுத்த காப்பியையும் ரசீதையும் பத்திரமா வெச்சுக்கங்க, ஸ்டேஷன்னா சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கினதுக்கு போலீஸ் குடுக்குற ரசீது, வாங்கிக்கங்க, அந்தப் புகார மட்டும் ஃபேஸ்புக்லயோ குரூப்லயோ போடாதீங்க, அங்க போட்டா எட்டாவது விதிவிலக்கு கூட வராது. நடந்து மூணு வருஷத்துக்குள்ள அவங்க கேஸ் போட்டாகணும். கிரிமினல் கேஸ எப்படி நடத்தணும்னு சொல்ற, இப்ப இருக்கற புது நடைமுறைச் சட்டத்துல, 223 செக்‌ஷன்படி, தனிநபர் புகார மாஜிஸ்ட்ரேட் கோப்புல எடுக்கறதுக்கு முன்னாடியே எதிராளி பக்கத்தக் கேக்கணும், அந்தப் பொண்ணு காலத்துல இந்த வாய்ப்பு இல்ல, அதனால அந்தத் தேதிய தவறவிடாதீங்க. அதுக்கும் மேல போனா ஐகோர்ட்டுல அதே சட்டத்தோட 528ல குவாஷ், அதாவது கேஸ ரத்து பண்ணச் சொல்லி மனு, போடலாம். வக்கீலுக்குக் காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.