ஆடியில் மூன்று நாடகங்கள்

ஜூன் 22

மண்டபம் கிடைத்துவிட்டது. ஆடியில் கோபிப் பக்கம் எவர் வீட்டிலும் திருமணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபக்காரர் வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன்பாக மேடையில் எங்கள் ஆணி ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. ஜூலை 20 பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி', 27 பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நோயாளி நாடகம், ஆகஸ்ட் 10 ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் இன்ஸ்பெக்டர். இடையில் வரும் ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. அன்று ஊர் முழுவதும் கொடிவேரியிலும் பவானி கூடுதுறையிலும் இருக்கும், நாங்கள் நாற்காலிகளுக்குத்தான் நடித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

மூன்றும் சிரிப்பு நாடகங்களாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அண்ணன். சென்ற ஆண்டுச் சோக நாடகத்தில் தாய் உயிர்விடும் கட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஒருவர் குறட்டை விட்டதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூன் 24

கதவு. மண்டப மேடையில் கதவு என்பதே கிடையாது. மணமகள் அறைக்குப் போகும் வழியில் ஒரு திரை தொங்குகிறது, அவ்வளவுதான். நோயாளி நாடகத்தில் வேலைக்காரி நாலைந்து முறை கதவை ஓங்கிச் சாத்த வேண்டும், அதற்கு அது அசையாமல் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டரிலோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பவன் கதவோடு சேர்ந்து மேடைக்குள் வந்து விழ வேண்டும். கோகோலே அப்படித்தான் எழுதியிருக்கிறார். இரண்டு கதவுக்குப் பணம் இல்லை. ஒட்டுப்பலகையில் செய்தால் சாத்தும்போது சுவர் முழுவதும் ஆடும் என்று ஆசாரி சொல்கிறார். சுவர் ஆடினாலும் சனங்கள் சிரிப்பார்கள்தான், ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஜூன் 29

அரிசி ஆலைக் கிடங்கில் ஒத்திகை. மோலியேரின் நோயாளியை நாங்கள் மஞ்சள் மண்டி முதலாளியாக மாற்றியிருக்கிறோம். படுதா விலகும்போது அவர் தனியாக உட்கார்ந்து மருந்துக்கடை ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருப்பார்; ஒவ்வொரு விலையையும் வாய்விட்டுப் படித்து, தானே பேரம் பேசிப் பாதியாகக் குறைத்து, அடுத்த ரசீதை எடுப்பார். அண்ணன் விரலை நாவில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிய விதத்தில் ஆலைக்காரரின் கணக்குப்பிள்ளையே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். குரலும் கரகரவென்று மணலைச் சலிப்பதுபோல் இருந்தது. நோயாளியின் குரலை அப்படியே பிடித்துவிட்டீர்கள் என்று எல்லோரும் பாராட்டினோம். முதலில் சொன்னவள் நான்.

ஜூலை 1

கதவுக்குக் கீல் இன்னும் வாங்கவில்லை.

ஜூலை 2

மேடைப் பொருள்களைப் பட்டியல் எடுத்தேன். ரசீதுகள் பதினொன்று. பதினொன்றும் உண்மையானவை, அண்ணன் பெயரில் உள்ளவை, பிப்ரவரியில் தொடங்குகின்றன. நான்கில் காது மூக்கு தொண்டை என்று அச்சிட்டிருக்கிறது.

ஜூலை 3

கேட்கவில்லை.

ஜூலை 6

கேட்டேன். "நாடகத்துக்குன்னு பில்லு அச்சடிக்கறதுக்குப் பதிலா இருக்கறத எடுத்துக்கிட்டேன் அம்மிணி" என்றார். பிறகு அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்ததால் பேச்சு கதவைப் பற்றியதாகிவிட்டது. அண்ணிக்குத் தெரியாது என்பதை அவர் பேச்சை மாற்றிய வேகத்திலேயே புரிந்துகொண்டேன். பழைய வீடு இடித்த இடத்தில் தேக்குக் கதவு ஒன்று கிடக்கிறதாம், தூக்க நான்கு ஆள் வேண்டுமாம். அதோடு சேர்ந்து விழுந்தால் ஒட்டுக்கேட்டவன் எழுந்திருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

ஜூலை 9

தூக்கம் வரவில்லை. மோலியேர் இந்த நாடகத்தில் நோயாளியாக அவரே நடித்தார் என்பதும், 1673 பிப்ரவரி 17 அன்று நான்காவது ஆட்டத்தில் மேடையிலேயே அவருக்கு வலிப்புப்போல் வந்ததும், அதை ஒரு சிரிப்பால் மறைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டு அன்றிரவே வீட்டில் இறந்ததும் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். நாடகம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக நானே அதை அழகாக எழுதியும் வைத்திருந்தேன். அவருக்கு வயது 51. பல ஆண்டுகளாக இருமிக்கொண்டிருந்தவர், தம் கருமி நாடகத்தில் அந்த இருமலையே கருமிக்கும் கொடுத்துவிட்டவர். நோயே இல்லாமல் நோயாளி என்று நம்பிக்கொண்டிருப்பவனை நோயாளி ஒருவர் நடித்திருக்கிறார், பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். எழுந்து போய் அந்த அறிவிப்புத் தாளைக் கிழித்துவிட்டு வந்து படுத்தேன். பிறகு மறுபடியும் எழுந்து, நாடகத்தையே மாற்றிவிடலாமா என்று பழைய பிரதிகளைப் புரட்டினேன். மாற்றினால் காரணம் கேட்பார்கள்.

ஜூலை 14

அண்ணன் தாமாகவே சொல்லிவிட்டார். வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. பால் சொசைட்டித் தம்பிக்குப் பாத்திரம் போகிறது. இரண்டு நாளில் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டான், அதுதான் சிக்கல்.

மூன்றாம் அங்கத்தில், மனைவியின் மனத்தை அறிவதற்காகச் செத்ததுபோல் படுத்துக்கொள்ளும்படி வேலைக்காரி யோசனை சொல்வாள். அதற்கு அவர் கேட்க வேண்டியது: "ஏனம்மிணி, செத்த மாதிரி படுத்தா நெசமாலுமே ஏதாச்சும் ஆயிருமா?" அண்ணன் இதைக் கேட்டுவிட்டுக் கட்டிலைப் பார்ப்பார், தலையணையைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு காலை வைத்து எடுத்துக்கொள்வார். என் புத்தகத்தில் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் 'நில் 4' என்று எழுதியிருக்கிறேன். நாலு எண்ணும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்கான குறிப்பு அது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாடகத்தில், அவர் வசனத்தை மறந்துதான் நின்றுவிட்டார் என்று எண்ணிப் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "தெரியும் அம்மிணி" என்றார். அன்றைய ஆட்டத்தில் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

தம்பியோ ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறான். நில் என்றேன். "அக்கா, வசனம் மறந்துட்டேன்னு சனங்க நெனச்சுக்குவாங்கல்லக்கா?" என்றான்.

ஜூலை 17

ஆடி ஒன்று. கோயமுத்தூர். சோதனைக்குத் தொண்டைச் சதை எடுத்தார்கள்.

ஜூலை 18

பத்து நாள்களுக்குப் பேசக் கூடாது. கிசுகிசுவென்று பேசுவது இன்னும் கெடுதலாம். கனைக்கக் கூடாது, இருமலை முடிந்தவரை அடக்க வேண்டும், சத்தம்போட்டுச் சிரிக்கக் கூடாது. இதைக் கேட்டதும் அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'சோக நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொடு' என்று எழுதிக் காட்டினார். மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 20, இரவு

'சபாபதி' நன்றாக நடந்தது. முதலாளிக்கும் சபாபதி, வேலைக்காரனுக்கும் சபாபதி என்பது இன்றைய பிள்ளைகளுக்கு எடுபடுமா என்று பயந்தேன். முன்னால் பவானி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் வேலைக்காரன் உள்ளே வரும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆடிக் காற்றில் பந்தித் தாழ்வாரத்தின் தகரம் படபடத்து ஐந்தாறு வசனங்களை விழுங்கிவிட்டது. சிரிப்பு பாதி அடங்கும்போது அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும், முழுவதும் அடங்கிவிட்டால் மறுபடியும் வண்டியை முதலிலிருந்து தள்ள வேண்டியிருக்கும் என்று அண்ணன் சொல்வார். இன்று அதை எவரும் கவனிக்கவில்லை. தம்பியை என் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரிப்பின் நீளத்தை எண்ணச் சொன்னேன். சிரித்துச் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிட்டான்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. ஒத்திகை இல்லை. ஆசாரி வழி கண்டுபிடித்துவிட்டார்: சன்னலுக்குப் போடுவதுபோல் ஆணி உருவும் கீல். நோயாளி நாடகத்துக்கு ஆணியை இறக்கிவைத்தால் கதவு அசையாது, இன்ஸ்பெக்டர் அன்று உருவிவிட்டால் தள்ளியதும் விழும். சுவரின் அடியில் மணல் மூட்டை இரண்டு. இதற்காக ஒரு மாதம் கவலைப்பட்டிருக்கிறேன். ஒட்டுக்கேட்பவனாக விழ வேண்டியவரும் அண்ணன்தான். அந்தப் பாத்திரத்தை இதுவரை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்று எவரும் கேட்கவும் இல்லை.

ஜூலை 26

முடிவு திங்கட்கிழமை வருமாம்.

ஜூலை 27, இடைவேளை

மண்டபத்துச் சமையற்கட்டில், கவிழ்த்துவைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. கதவு நிற்கிறது, வேலைக்காரி நான்கு முறை சாத்திவிட்டாள், சுவர் அசையவில்லை. ரசீதுக் காட்சியில் வைத்திருந்தவை நான் கையால் எழுதிய தாள்கள். தம்பி கொஞ்சம் அவசரப்பட்டாலும் சிரிப்பு வந்தது.

அண்ணன் மூன்றாவது வரிசையில், குறட்டைக்காரர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இருக்கிறார். துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறார், தோள் மட்டும் குலுங்குகிறது. அண்ணி அவர் தொடையில் அடித்து அடக்குகிறாள். ஆட்டம் தொடங்கும் முன் என் புத்தகத்தைச் சைகையால் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போதுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 4 என்பதை அடித்துவிட்டு 6 என்று எழுதியிருக்கிறார். ஆறு எண்ணும் வரை தம்பி தாங்குவானா, போய்ச் சொல்ல நேரம் இருக்கிறதா

மணி அடித்துவிட்டார்கள்.