அணைத்த பிறகு வரும் வாசம்

ஜூன் 3
காரில் மறுபடி அந்த இனிப்பு வாசம், கூலண்ட் வாசம். ஓட்டும்போது இல்லை, எஞ்சினை அணைத்த பிறகுதான். ரிசர்வ் டாங்கில் கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், கீழ்க்கோட்டுக்கும் கீழே. தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஜூன் 4
ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும், தே தாரிக் (ஆற்றிய பால் டீ) நுரை மாதிரி எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட்டாக இருக்காது. இருக்கவே கூடாது.

ஜூன் 6
அண்ணனுக்கு ஸ்கேன். “வண்டி எப்படிடா?” என்றார். “நல்லா ஓடுது அண்ணே.”

ஜூன் 8
பட்டர்வொர்த் போமென் (மெக்கானிக்) சொல்கிறார்: “பழைய வண்டி பாஸ், தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டுங்க.” 1991 டொயோட்டா எம்ஆர்2. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவே வண்டியின் அடியில் நீளமாக ஓடும் குழாய்கள். எதை என்று சந்தேகப்படுவது?

காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கினேன். கூலண்ட் மூடியில் அழுத்தம் 0.9 என்று போட்டிருக்கிறது, அதுவரைதான் பம்ப் அடித்தேன். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது முள் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை வைக்கிற அளவுக்கு ஆறியதும் மறுபடி அடித்தேன். மெல்ல மெல்ல இறங்கியது! டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகத் தேடினால், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு குட்டி ஹோஸ், கிளாம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவு. கசிந்தது சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. தரைக்கு எப்படி வரும்?

கேஸ்கட் இல்லை. இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 9
ஆயில் மூடியை இன்றும் பார்த்தேன். சும்மா.

ஜூன் 11
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 12
பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் ஹாஃப்கட் கடையில் அதே ஹோஸ் இருக்கிறதாம். கழற்றிப் போட்ட வண்டியும் இதே வயசுதான். முப்பது வருஷ ரப்பருக்குப் பதில் இன்னொரு முப்பது வருஷ ரப்பரா? உள்விட்டம் அளந்து புதுசு வாங்கினேன், கிளாம்பும் புதுசு.

ஜூன் 14
விரல் நுழையாத இடம். முட்டியெல்லாம் ரத்தம். மாட்டியாச்சு.

ஜூன் 15
கூலண்ட் குழாய்களில் மாட்டிய காற்றை வெளியேற்றுவதுதான் இந்த வண்டியில் பெரிய வேலை. முன்பக்கம் ஸ்பேர் டயரைத் தூக்கி வைத்து, ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள வால்வுகளில் தெளிவான டியூப் மாட்டி, உயரத்தில் கட்டிவிட்டு, பின்னால் எஞ்சின் பக்கம் சிவப்புக் கூலண்டை ஊற்றினேன். பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். குமிழி நிற்கவே இல்லை. அண்ணி இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், நான் பார்க்கவில்லை.

ஜூன் 16
டாக்டர் நேரில் வரச் சொன்னாராம். போனில் சொல்ல என்ன வந்தது?

ஜூன் 17
பிறை ஊர் முழுக்கச் சுற்றினேன். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழே. ஃபேன் ஓடி நின்றது. வாசம் இல்லை. பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆக பினாங்குப் பாலம்தான், 13.5 கிலோமீட்டர்.

ஜூன் 18
நாளை காலை எட்டு மணிக்கு டாக்டர். பாலத்தில் ஜாம் இருக்கும், ஆறரைக்கே கிளம்பணும். கலந்த கூலண்ட் இரண்டு பாட்டில் வண்டியின் பின்பெட்டியில் வைத்தாயிற்று.