வெளிப் பெஞ்சில் இருந்த பதில்

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். மே மாதம் எங்களுக்கு சுன்னத் சீசன், பையன்களுக்கு முன்தோல் நீக்கும் காலம். பள்ளி லீவு, ஊரிலிருந்து சொந்தபந்தம் வந்திருக்கும். தோல் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் புதுக் கைலியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே வருவது அத்தாவும் (அப்பா) சாச்சாவும் (சித்தப்பா). அம்மாவும் நன்னியும் (அம்மாவின் அம்மா) வெளிப் பெஞ்சில். "இது ஆம்பளைங்க சமாச்சாரம் சிஸ்டர்" என்பார்கள். அதே மூச்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்துப்போக ஊசி உண்டா, அந்த ஊசியே வலிக்குமா, தையல் தானாக விழுமா என்று கேட்பார்கள். நாவிதர் வீட்டுக்கு வந்து செய்த காலத்தில், தம்பி அலறியதை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவர்கள். டாக்டரிடம் போகலாம் என்று வீட்டில் மெல்ல மெல்லக் கரைத்ததும் பெரும்பாலும் இவர்கள்தான்.

மாமியார்கள் கட்சி வேறு. அரை மணியில் முடித்து ஆட்டோவில் திரும்பினால் அது என்ன சுன்னத் கல்யாணம்? மாலை எங்கே, விருந்து எங்கே? எனக்கு அதுவும் நியாயமாகத்தான் படும். கைலி புண்ணில் படாமல் மேலே கயிறு கட்டித் தூக்கி, முட்டையும் பாலுமாக ராஜா மாதிரி படுத்திருப்பது ஒருவனுக்கு ஆயுசில் ஒரு தடவைதானே.

எங்கள் சுவரில் எச்.ஐ.வி. போஸ்டர் ஒன்று உண்டு. கென்யா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆய்வுகளில், சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. அதை வைத்து 2007இல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. பெஞ்சில் இருந்த ஒருத்திகூட அந்தப் போஸ்டரைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

எங்கள் படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய்?' என்று ஒரு கேள்வி. அத்தாக்கள் தங்கள் பக்கத்தை நினைத்து 'இல்லை' என்று டிக் போட்டுவிடுவார்கள். அந்த மாதிரி நோயான ஹீமோஃபிலியாவோ பெரும்பாலும் தாய்வழியாக வருவது. இது எனக்குப் பாடத்தில் தெரியும். ஆனால் படிவத்தை வாங்கி ஃபைலில் வைப்பதோடு சரி.

ஒருநாள் ஆறு வயசுப் பையன் மேஜையில் படுத்தாயிற்று. செருப்பைக் கொடுக்க வெளியே வந்தேன். நன்னி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே, "இவன் மாமனுக்குப் பல்லு புடுங்குனப்போ மூணு நாளா ரத்தம் நிக்கலம்மா. பாத்து செய்யச் சொல்லு" என்றார். செருப்போடு உள்ளே ஓடினேன். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

பரேலில் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபாக்டர் 8 என்ற புரதத்தின் அளவு வெறும் 9 சதவீதம். அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஃபாக்டர் மருந்து ஏற்றிப் பத்திரமாகச் செய்தார்கள்.

டீ குடிக்கும்போது டாக்டர் யூதர்களின் தல்மூத் நூலில் வரும் கதை ஒன்று சொன்னார். மூன்று அக்காக்களின் பிள்ளைகளும் விருத்தசேதனத்தில் இறந்துபோக, நாலாவது தங்கை யூத குருவிடம் வருகிறாள். உன் பிள்ளைக்குச் செய்யாதே என்கிறார் அவர். அன்றிலிருந்து நான் படிவத்தை முதலில் பெஞ்சுக்குக் கொண்டுபோனேன். சில அத்தாக்களுக்கு முகம் சுருங்கும்.

அந்தப் பையன் வீட்டில் பிரியாணிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம், நிறுத்த முடியவில்லை. சுன்னத் நடக்காத சுன்னத் கல்யாணத்திலிருந்து அன்று ராத்திரி எங்களுக்கும் ஒரு தூக்குவாளி வந்தது. அனுப்பியது மாமியார்.