தண்ணீரில் இறங்காதவருக்கு ஒரு சைட்டேஷன்

சென்னையில் ஒரு ராணுவ அலுவலகத்தில் 28 வருஷம் சிவிலியனாக வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், பழைய ஃபைல்களுக்கும் காது உண்டு. டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். இவளுக்குத் தமிழும் வரும், இங்கிலீஷும் வரும் என்று தெரிந்ததும் பிரஸ் நோட்டைத் தமிழாக்குவது, நிருபர்களுக்கு போன் போடுவது, விருதுக்குப் போகும் சைட்டேஷன்களைச் சீர்படுத்துவது என்று ஒவ்வொன்றாக என் மேஜைக்கு நகர்ந்து வந்தது. இன்னாரை இன்ன காரணத்துக்காகப் பாராட்ட வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரு பக்கக் காகிதத்துக்குத்தான் சைட்டேஷன் என்று பேர். பதக்கம் நெஞ்சில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் காகிதம் எத்தனை மேஜை ஏறி இறங்குகிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டுக்கும் முந்தின சாயங்காலம் எங்கள் அறை கல்யாண வீட்டு அடுப்படி மாதிரி இருக்கும். பட்டியல் வரும், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் யார் யார் என்று பிரிக்க வேண்டும், பத்திரிகைகளின் ராத்திரிப் பதிப்புக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். நிருபர்களுக்கு எல்லாமே 'வீரப் பதக்கம்'தான். இல்லை சார், பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா இதெல்லாம் எதிரிக்கு முன்னால் காட்டிய வீரத்துக்கு, 1950-ல் வந்தவை, விசிஷ்ட சேவா வரிசை 1960-ல் வந்தது, அது சேவைக்கு என்று ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்களிடம் அதே பாட்டைப் பாடியிருக்கிறேன். சேனா பதக்கம் இன்னும் மோசம். ஒரே பேரில் வீரத்துக்கும் கொடுப்பார்கள், சேவைக்கும் கொடுப்பார்கள், பக்கத்தில் எதற்கு என்று ஒரு வார்த்தை இருக்கும். இடம் போதவில்லை என்றால் டெஸ்கில் முதலில் வெட்டுவது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ரிப்பன் கதையையும் சொல்லிவிடுகிறேன். விசிஷ்ட சேவா வரிசையில் மூன்று பதக்கத்துக்கும் மஞ்சள் ரிப்பன்தான், நடுவில் கருநீலக் கோடு. பரம் விசிஷ்ட சேவா என்றால் ஒரு கோடு, அதி விசிஷ்ட சேவாவுக்கு இரண்டு, வெறும் விசிஷ்ட சேவாவுக்கு மூன்று. கோடு ஏற ஏற மதிப்பு இறங்கும். ஆரம்பத்தில் இவற்றுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றே பேர், ரயில் டிக்கெட் மாதிரி, 1967-ல்தான் இப்போதைய பேர்கள் வந்தன. இது தெரியாத ஒரு நிருபர் போட்டோவில் கோட்டை எண்ணி, மூன்று கோட்டுக்காரரைப் பெரியவர் ஆக்கி கேப்ஷன் எழுதிவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஒரு கோட்டுக்காரரின் மனைவி எனக்கு போன். அவர் பேசிய இங்கிலீஷ் இன்னும் காதில் நிற்கிறது.

வீரத்துக்கான சைட்டேஷன் எழுதுவதில் ஒரு வகையில் எங்களுக்கு வேலையே கிடையாது. 2014 ஏப்ரலில் தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் காஷ்மீரில் ஷோபியானில் இறந்தபோதும், அந்த ஆகஸ்டில் அசோக சக்ரா அறிவித்தபோதும் போன் ஓயவே இல்லை. அந்த மாதிரி விஷயத்தில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, என்ன செய்தார் என்பது இருக்கிறது, எழுதுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். ஜனங்களுக்கு உதவினார், ஜனங்களோடு பேசினார், வதந்தியை அடக்கினார் என்று ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடும். நம் பதக்க வரிசையில் மக்கள் தொடர்புக்கென்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் சேவை என்ற பெரிய பையில்தான் விழ வேண்டும், பெரும்பாலும் தளபதிகள் கொடுக்கும் கமெண்டேஷன் கார்டு என்ற பாராட்டு அட்டையோடு நின்றுவிடும்.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே வருஷா வருஷம் போட்டி வைத்துக் கொடுக்கிறார்கள், எழுதுகிறவர், படம் எடுக்கிறவர் எல்லோருக்கும். கீத் வேர் என்ற மேஜர் ஜெனரல் பேரில் அந்த விருது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸில் சண்டை போட்டு அவர்கள் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதை வாங்கியவர், அப்புறம் அவர்கள் ராணுவத்தின் செய்திப் பிரிவுக்குத் தலைவராக உட்கார்ந்தார், 1968 செப்டம்பரில் வியட்நாமில் ஹெலிகாப்டரோடு விழுந்து இறந்துபோனார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. செய்தி எழுதும் வேலைக்கு அந்த ஊரில் அப்படி ஒரு பேர் கிடைத்திருக்கிறது. எங்கள் அறைக்கு வருகிறவர்கள் 'இங்க என்ன, பேப்பர் கட்டிங் ஒட்டுற வேலையா?' என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி. சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. அடையாற்றில் வெள்ளம், விமான நிலையம் மூடியாயிற்று, அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட வேண்டிய நிலைமை. 1878-ல் தொடங்கிய தி இந்து பத்திரிகை முதல் முறையாக அச்சாகாமல் போனது டிசம்பர் 2-ஆம் தேதி. பிரஸ் நோட்டை யாருக்கு அனுப்புவது? செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எங்கள் அறையில் உயிரோடு இருந்தது ஒரு பழைய லேண்ட்லைன், அதன் நம்பர் எப்படியோ வெளியே பரவிவிட்டது.

அந்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு ஹவில்தார். வேலூர்ப் பக்கம், தாத்தா காலத்திலிருந்து பட்டாளத்துக் குடும்பம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் போட்டில் போக விடவில்லை, அதில் அவருக்கு மகா கடுப்பு. ஸ்டேஷனரி அலமாரியிலிருந்து ஒரு நீள கணக்கு நோட்டை எடுத்தார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தெரு, வீடு, எந்த மாடி, எத்தனை பேர், வயதானவர், கர்ப்பிணி, மருந்து. கூப்பிட்டவர் யார் என்பதற்குக் கடைசியில் ஒரு சின்னக் கட்டம்தான். எனக்குப் புரியவில்லை, பேரைத்தானே முதலில் எழுத வேண்டும் என்றேன். "அக்கா, ஒரு வீட்டுக்கு மகன் அமெரிக்காவுலேர்ந்து பண்றாரு, மருமக பெங்களூர்லேர்ந்து பண்றாங்க, சித்தப்பா மாம்பலத்துலேர்ந்து பண்றாரு. ஆளை எழுதினா மூணு போட் போவும். வீட்டை எழுதினா ஒண்ணு போதும்" என்றார். அதுதான் நடந்தது. ஒரே வீடு மறுபடி வந்தால் பழைய வரியைத் தேடி ஒரு புள்ளி வைப்பார், ஆட்களை மீட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் சிவப்புப் பேனாவால் அடிப்பார், அடித்துவிட்டு அந்தக் கடைசிக் கட்டத்து நம்பருக்கு அவரே போன் போட்டு, வெளியே வந்துட்டாங்க, இனிமே நீங்க தூங்குங்க என்பார். அந்த போனைப் போடச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு கொடுக்கவில்லை.

விடியற்காலையில் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது. போன் விடாமல் அடித்தது. முதலில் வந்த நாலைந்து பேரை 'ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க' என்று வைத்துவிட்டு, விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில், அவசரமே இல்லாமல்: "ஏரி உடையலம்மா. தண்ணி திறந்து விட்டிருக்காங்க, அது வேற, இது வேற. நீங்க மாடியிலதான இருக்கீங்க? அங்கயே இருங்க." எத்தனை தடவை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. அறுபதாவது தடவையும் அந்த 'அம்மா' குறையவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஜனவரியில் அவருக்கு கமெண்டேஷன் கார்டுக்கு சிபாரிசு. சைட்டேஷன் எழுதும் வேலை என்னிடம் வந்தது. உருகி உருகி எழுதினேன், அதுதான் தப்பு. தன்னலமற்ற, அயராத, முன்மாதிரியான என்று எங்கள் தொழிலின் தேய்ந்த சொற்கள் எல்லாம் இருந்தன. மேலேயிருந்து ஓரத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தையோடு திரும்பி வந்தது: 'ஸ்பெசிஃபிக் இன்ஸ்டன்ஸ்?' எந்தச் சம்பவம் என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. சம்பவம் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதானே ஐயா அவர் செய்த வேலை? பயந்துபோய் மாடியிலிருந்து இறங்கி ஓடாமல் இருந்தவர்களுக்கு எந்த ரிஜிஸ்டரில் கணக்கு இருக்கிறது? பல்லாவரம் பஸ்ஸில் போகும்போது மனசுக்குள்ளேயே இந்தப் பதிலைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன், ஒன்றையும் அனுப்பவில்லை.

அந்த முறை பட்டியலில் வந்தவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்த ஜவானைப் படம் எடுத்த பையன். அதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பையனும் அதே கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றான், கேமராவைத் தலைக்கு மேல் பிடித்தபடி. படத்தைக் காட்டினால் போதும், சைட்டேஷனே தேவையில்லை.

பென்சிலால் எழுதியவர் கேட்டது நியாயம்தான் என்று புரிய எனக்குச் சில மாதம் ஆனது. நோட்டு அதே அலமாரியில் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். ஈரம் பட்டு ஓரம் அலையலையாக ஆகியிருந்தது, சிவப்பு மை சில இடத்தில் பரவியிருந்தது. முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு நேராக நான்கு புள்ளி, டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒரு பெரியவர், இன்சுலின் தேவை, இரண்டாம் மாடி, பின்பக்கம் காம்பவுண்ட் சுவர் தாழ்வு, போட் அந்த வழியாக வரலாம். மற்ற பக்கங்களிலும் இப்படித்தான். இந்தத் தடவை ஒரு உரிச்சொல்கூடப் போடவில்லை. ஐந்து பேர் கூப்பிட்டார்கள், ஒரு வரி எழுதினார், ஒரு போட் போனது, நான்கு போட் வேறு வீடுகளுக்குப் போனது என்று எழுதினேன். ஏரி வதந்திக்கு இரண்டு வாக்கியம், மணி போட்டு. அடுத்த முறை பட்டியலில் பேர் வந்தது. அதற்குள் அவரை வடக்கே மாற்றியிருந்தார்கள், கார்டு தபாலில் போனது, கூடவே நான் எழுதியதன் ஒரு காப்பியையும் வைத்து அனுப்பினேன்.

லீவில் ஊருக்கு வந்திருந்தபோது போன் செய்தார். "அக்கா, இங்கிலீஷ்ல இருக்கு, அம்மா என்ன எழுதியிருக்குன்னு கேட்டு உயிரை வாங்குது, நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீங்களே தமிழ்ல சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றார். காப்பி என் கையில் இல்லை, நினைவிலிருந்தே ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி சத்தம் கேட்டது. முடித்ததும் அந்த அம்மா கேட்டார்.

"ஏம்மா, அப்ப இவன் தண்ணியில எறங்கவே இல்லையா?"

"இல்லம்மா. உக்காந்து எழுதினாரு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார்.