ஜிபே வந்தபிறகு சிறுவாடு

மதுரை செல்லூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இப்போது பாதிக்கு மேல் வியாபாரம் போனில்தான் நடக்கிறது. பத்து ரூபாய் கொத்தமல்லிக்கும் ஸ்கேன். சில்லறைத் தகராறு ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து தொண்ணூற்றைந்துக்குச் சில்லறை வாங்கிய காலமெல்லாம் உண்டு, மிச்ச ஒரு ரூபாய்க்கு மிட்டாய் நீட்டி முறைப்பை வாங்கிக்கொண்டதும் உண்டு. 2016 ஏப்ரலில் வந்த யூபிஐ, 2023 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. அதில் எங்கள் தெருவின் பங்கும் கணிசமாக இருக்கும்.

இதனால் நடந்த நல்லதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. கல்லாவில் உட்கார்ந்து நான் பார்க்கிற இன்னொன்று இருக்கிறது. பெண்களின் சிறுவாடு காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சிறுவாடு எப்படிச் சேரும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷன் ஐநூறு ரூபாய் கொடுத்து அனுப்புவார். சாமான் நானூற்றுப் பத்துக்கு வரும். வீட்டில் போய் நானூற்று அறுபது என்று சொன்னால் ஐம்பது அரிசி டிரம்முக்குள் போகும். மகளுக்குக் கம்மல், அம்மா வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை, யாருக்கும் தெரியாமல் தங்கச்சிக்குக் கொடுக்கிற இருநூறு எல்லாம் அதிலிருந்துதான். மாசக் கடைசியில் பெட்ரோலுக்குக் காசில்லாமல் அதே புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார், அதுவும் அதிலிருந்துதான்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாள் நான் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். மஞ்சள்தூள் வாசம், பெருங்காய வாசம் அடிக்கிற நோட்டுகள். "வீட்டுல சொல்ல முடியாதுக்கா, நீங்கதான் எப்படியாவது மாத்தித் தரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். அது ஒரே அடியாக விழுந்த அடி. இப்போது நடப்பது சத்தமில்லாமல் தினமும் நடக்கிறது.

இன்றைக்கு என்ன ஆகிறது? அந்தப் பெண் சாமானை எடுத்து வைத்துவிட்டு என் பில்லையும் க்யூஆர் அட்டையையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். பாத்திரப் பட்டறையில் இருக்கிற புருஷன் அங்கிருந்தே கட்டிவிடுகிறார். என் சவுண்ட் பாக்ஸ் "நானூற்றுப் பத்து ரூபாய்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது. காசு அவள் கைக்கே வரவில்லை. வராத காசில் எங்கே மிச்சம் பிடிப்பது?

வயசானவர்கள் பாடு இன்னும் மோசம். வெளிநாட்டு நம்பரிலிருந்தே யூபிஐ போடலாம் என்று 2023-இல் சில நாடுகளுக்கு அனுமதி வந்தது. சிங்கப்பூரில் இருக்கிற ஒரு பையன் அம்மாவின் மளிகை பில்லை இப்போது நேராக எனக்கே அனுப்பிவிடுகிறான். அக்கறையில்தான் செய்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பெல்லாம் அவன் அனுப்பின காசை எண்ணி முடிச்சுப் போட்டு வைத்திருந்த அம்மா, இப்போது வெற்றிலை வாங்கக்கூட "இதையும் பில்லுல சேத்துரும்மா" என்கிறார்.

2024-இல் யூபிஐ சர்க்கிள் என்று ஒன்று வந்தது. புருஷனின் கணக்கிலிருந்து மனைவி தன் போனிலேயே கட்டலாம். நல்ல வசதி என்று விளம்பரம். ஒவ்வொரு தடவையும் எங்கே எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதைப் பற்றி எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டால் விளம்பரம் எடுத்தவர்களுக்கு வேறு கதை கிடைத்திருக்கும்.

சரி, நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? "அக்கா, பில்லுல இருநூறு கூட்டிப் போட்டுக் காசாக் குடுத்துருங்க." இந்த வேண்டுகோள் இப்போது சாதாரணம். நானும் நல்லெண்ணெயை ஒரு லிட்டர் கூட்டி எழுதிவிட்டுக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் ஒருவர் நேரில் வந்தே கேட்டார், "ஏன்க்கா, எங்க வீட்டுல எண்ணெயிலயா குளிக்கிறாங்க?" சனிக்கிழமை சனிக்கிழமை குளித்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று சமாளித்தேன்.

இதில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை, தலைவலிதான் உண்டு. கூட்டி எழுதுகிற இருநூறும் என் கணக்கில் வியாபாரமாகத்தான் ஏறும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆரைக் கழற்றிவிட்டு "யூபிஐ இல்லை" என்று எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் ஆடிட்டர் என்னை விரட்டிக்கொண்டே இருக்கிறார். போதாததற்குக் கல்லாவில் நோட்டே குறைந்துவிட்டது. கேட்கிற எல்லாருக்கும் கொடுக்க எங்கே போவேன்?

கென்யாவின் எம்பெசா பற்றிப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. 2007-இல் வந்தது. பட்டன் போனில், எஸ்எம்எஸ் மாதிரி காசு அனுப்புவது. என் கடை மாதிரிச் சின்னக் கடைகளில்தான் காசைப் போடுவதும் எடுப்பதும். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சொந்த வியாபாரத்துக்கு மாறினார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அங்கே பணம் அவள் நம்பருக்கு வருகிறது, பின் நம்பர் அவளுக்கு மட்டும் தெரியும். அரிசி டிரம்மைவிடப் பத்திரம். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு பாங்க் கணக்கு இருக்கிறது, ஆனால் அதோடு இணைத்திருப்பது புருஷனின் போன் நம்பர். ஓடிபி அவருக்குப் போகிறது. தொழில்நுட்பத்தைத் திட்டி என்ன பண்ண, சிம் யார் பேரில் இருக்கிறது என்பதல்லவா விஷயம்!

2023 செப்டம்பர் 15-இல் மாசம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை வரும்போதுதான் எங்கள் கடையில் மறுபடி பெண்கள் கையில் நோட்டைப் பார்க்கிறேன். ஏடிஎம்மிலிருந்து நேராக வருகிறார்கள். அன்றைக்கு யாரும் பில்லைப் போட்டோ எடுப்பதில்லை.

எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிற பெண் போன மாசம் தன் பேரிலேயே புது சிம் வாங்கி, கணக்கில் நம்பரை மாற்றி, சொந்தமாக க்யூஆர் வாங்கித் தையல் மெஷினில் ஒட்டிவிட்டாள். சவுண்ட் பாக்ஸ் விற்க வந்த பையன் மாசவாடகை கொஞ்சம்தான் என்று ரொம்ப நேரம் பேசிப் பார்த்தான். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அது பாட்டுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கத்தும். உள்ளாற அவரு தூங்கிட்டு இருக்காருல்ல."