சந்நிதி வேலனிடம் சித்தப்பாவுடன்

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசைக்கு மந்திர ஓசை கிடையாது. பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வேலுக்கு மௌனமாகப் பூசை செய்வார். கோயிலின் முதற்பூசகர் மருதர் கதிர்காமர் தொடக்கி வைத்த முறை இது. இன்றும் கைவிடாமல் நடக்கிறது. சிறுவயது முதல் நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் கும்பிட்ட பூசைதான். இம்முறை அதைப் பார்த்து என் சித்தப்பா விம்மி அழுதார்.

எங்கள் தோட்டம் வலிகாமத்துச் செம்மண். வற்றாத ஆறென்று ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்கடியில் தேங்கும் நீர்தான் பயிருக்கு உயிர். அதனால் கிணற்றுப் பங்கு என்றால் காணிப் பங்குக்குச் சற்றும் குறைந்ததல்ல. பங்குக் கிணற்றால் போக்குவரத்து அறுந்துபோன குடும்பங்கள் எங்கள் அயலிலேயே உண்டு. பெரியப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்து, ஒரு கடுஞ்சொல் பேசாமல் காலம் கழித்தவர்கள்.

அன்று சித்தப்பாவின் முறை. சித்திக்குச் சுகமில்லை என்று அவர் ஆசுபத்திரிக்குப் போய்வரப் பிந்திவிட்டது. புதிதாக நட்ட மிளகாய்க் கன்றுகள் வெயிலில் சோர்வதைக் கண்ட பெரியப்பா, தன் இயந்திரத்தைக் கிணற்றடியில் வைத்து அவற்றுக்கு இறைக்கத் தொடங்கினார். "அவருடைய கன்றுக்குத்தான் இறைக்கிறேன், ஆறுதலாக வரச்சொல்" என்று அயல்வீட்டுச் சிறுவனிடம் சொல்லியும் அனுப்பினார். சிறுவன் கொண்டுபோய்ச் சேர்த்தது பாதியைத்தான்: "பெரியவர் உங்கள் முறையில் இறைக்கிறார்."

வந்த வேகத்தில் சித்தப்பா எதையும் விசாரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். கத்தியை எடுத்துக் குழாயை இரண்டு துண்டாக வெட்டினார். "என் பிள்ளைகளின் வாயில் மண் போடவா நிற்கிறாய்?" என்று கத்தினார். அண்ணரை அவர் 'நீ' என்று அழைத்தது அன்றுதான். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

குழாயின் மறுமுனை சித்தப்பாவின் பாத்திக்குள் கிடந்தது. கடைசி இரண்டு வரிசை தவிர மற்றக் கன்றெல்லாம் தண்ணீர் குடித்திருந்தது. சித்தப்பா அந்த ஈர வரம்பிலேயே குந்திவிட்டார்.

மறுநாளே புதுக் குழாய் வாங்கிக் கிணற்றடியில் வைத்தார். பெரியப்பா எடுத்துப் பாவித்தார், பேசவில்லை. கன்றுகள் பூத்துக் காய்க்கும்வரை அப்படியே போனது.

"சந்நிதிக்குப் போய்வருவோம், பிள்ளை" என்று சித்தப்பா கேட்டபோது முதற்பறிப்பு முடிந்திருந்தது. அன்னதானத்துக்கென்று ஒரு பை மிளகாய் எடுத்துக்கொண்டார். அன்னதானக் கந்தன் அல்லவா, வெறுங்கையோடு போக யாருக்கும் மனம் வராது. அச்சுவேலி வழியாகப் போய், தொண்டைமானாறு என்ற கடல்நீரேரியில் கால் முகம் கழுவி உள்ளே நுழைந்தோம். ஆலமிலைகளில் அமுது படைத்திருந்தார்கள். மணியோசைக்கு நடுவே வாய் கட்டிய பூசகர் தீபத்தை உயர்த்தினார். அப்போதுதான் சித்தப்பா உடைந்தார்.

"இவர் வாய் திறக்காமல் தொண்டு செய்கிறார். அண்ணரும் அன்று அப்படித்தானே செய்தார், பிள்ளை. நான்தான் கத்தினேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்து நின்ற சூரனையே மயிலும் சேவலுமாக்கி வைத்துக்கொண்ட முருகன் சித்தப்பாவை மன்னிப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரியப்பாவின் மனம் நொந்ததற்குச் சந்நிதியில் அழுதால் மட்டும் போதாது என்றே எனக்குப் பட்டது.

மடத்தில் சோறு உண்டு வெளியே வந்ததும் சித்தப்பா திருநீற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "அண்ணரிடம் கொடுத்து, நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடு."

"இன்னொருவர் வாயில் சொல்லி அனுப்பி வந்த வினைதானே சித்தப்பா இவ்வளவும்? நீங்களே கொடுங்கள்" என்றேன். வீடு வரும்வரை அவர் பேசவில்லை. பொட்டலம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பெரியப்பா திண்ணையில் இருந்தார். சித்தப்பா படியேறாமல் முற்றத்தில் நின்றபடியே நீட்டினார்.

"அண்ணை, நான் அன்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்."

பெரியப்பா திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டார். மிச்சத்தைத் தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, "ஏறி இரு" என்றார். பெரியம்மா தேத்தண்ணீர் கொண்டுவர, இருவரும் மிளகாய் விலை பேசத் தொடங்கினார்கள்.