பார்க்ல திறந்தவெளி வகுப்பு: சூரிய கடிகாரம் ரெண்டாவது தடவைல ஒத்து வந்துருச்சு

போன சனிக்கிழமை காலைல நிழல் 10 மணி கோட்ல வந்து உக்காந்தப்ப மொபைல்ல மணி 10:21. எனக்கு சந்தோஷம் தாங்கல. வாக்கிங் வந்த ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு 21 நிமிஷம் லேட்டா காட்டுதேன்னார், இல்ல சார் இன்னைக்கு அப்படித்தான் காட்டணும்னு உக்கார வச்சு கணக்கு சொல்லித்தான் அனுப்பினேன்.

திருச்சில எங்க காலனி பார்க்ல பக்கத்து நடுநிலைப்பள்ளி பசங்களுக்காக செய்யிற வேலை இது. திண்ணை, போர்டு ரெண்டும் எப்பவோ முடிஞ்சுது. புங்கமரத்தடில அரைவட்டமா ரெண்டு வரிசை, செங்கல் கட்டு, மேல கடப்பா கல். அதுல ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், உயரம் 14 இன்ச்சுக்கு மேல போகாதீங்க, மேஸ்திரி 18 இன்ச் வச்சுட்டு பெரியவங்களும் உக்காரலாம்ல சார்னார், ஆறாவது படிக்கிற புள்ளைக்கு கால் தொங்குனா அரை மணி நேரத்துல நெளிய ஆரம்பிச்சிடும், ஒரு வரியை இடிச்சுட்டு திரும்பக் கட்ட வச்சேன்.

ஆனா என் உசுரை வாங்குனது சூரிய கடிகாரம்தான். முதல்ல நான் போட்டது மனுஷ கடிகாரம், அதாவது நடுவுல தேதிக்கோட்ல, அந்தந்த மாசத்துக்கு குறிச்ச இடத்துல, ஒரு புள்ளை நிக்கும், அதோட நிழல் சுத்தி இருக்கிற நீள்வட்டத்துல மணி காட்டும். வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள்ல நிறைய இருக்கு, படத்துல பாக்க அவ்வளவு அழகா இருக்கும். ஜனவரில உக்காந்து நம்ம ஊர் அட்சரேகை 10.8 டிகிரிக்கு கணக்கு போட்டேன். கிழக்கு மேற்கா 4 மீட்டர் எடுத்தா தெற்கு வடக்கா 75 சென்டிமீட்டர்தான் வருது, வட்டமே இல்ல, நசுங்குன முட்டை மாதிரி. அப்பவே யோசிச்சிருக்கணும். லண்டன் மாதிரி 51 டிகிரில இருக்கிற ஊர்ல அதே 4 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல வரும், அதான் அங்க அழகா இருக்கு. கணக்கு சரியாத்தானே இருக்குன்னு பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டேன்.

மார்ச் 21 அன்னைக்கு பசங்களைக் கூட்டிட்டு வந்து பாத்தோம். காலைல 9 மணிக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது, ஒன்றரை மீட்டர் நிழல், கையத் தூக்குனா கோட்டை தாண்டியே போச்சு. 12 மணி வாக்குல ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு நின்னுட்டு, "தாத்தா, என் நெழலு கோட்டையே தொடல"ன்னுச்சு. குனிஞ்சு டேப் வச்சு அளந்தேன், நிழல் 25 சென்டிமீட்டர், கோடு 37ல இருக்கு. சூரியன் உச்சந்தலைல நிக்கிற ஊர்ல நிழல் எங்கேர்ந்து வரும்? ஜூன்ல இன்னும் மோசம், நிக்க வேண்டிய இடம் 85 சென்டிமீட்டர் வடக்க தள்ளி நீள்வட்டத்துக்கே வெளிய போயிடும், நிழல் தெற்கால விழும், கோட்டுக்கு வரவும் வராது. கணக்குல தப்பு இல்ல, நம்ம ஊருக்கு அந்த அமைப்பு ஆகல. ரெண்டு மாச வேலை போச்சேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

அப்புறம் எடுத்ததுதான் போலார் டைப். நம்மள மாதிரி நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விட தோதானது இல்லைன்னு அடிச்சு சொல்லுவேன். கல்லை பூமியோட அச்சுக்கு இணையா சாய்க்கணும், நமக்கு 10.8 டிகிரிதான், கிட்டத்தட்ட படுத்த மாதிரியே இருக்கும், பசங்க சுத்தி நின்னு குனிஞ்சு பாக்கலாம். 45 சென்டிமீட்டர் கல்லுக்கு வடக்கு முனைய 8.4 சென்டிமீட்டர் தூக்குனா போதும். மணிக்கோடு எல்லாம் இணைகோடு. கல்லு நடுவுல தெற்கு வடக்கா நிக்கிற தகடுதான் நிழல் போடும், அதோட உயரம் 15 சென்டிமீட்டர் வச்சா 12 மணிக் கோட்லேர்ந்து தூரம் ஒரு மணி நேரத்துக்கு 4, ரெண்டுக்கு 8.7, மூணுக்கு 15, நாலுக்கு 26 சென்டிமீட்டர். எட்டாவது கணக்குப் புள்ளைங்களுக்கு டேன் தீட்டாவை கையால தொட்டுக் காட்டலாம். காலை 8லேர்ந்து சாயந்தரம் 4 வரைக்கும் 2 அடி அகலக் கல்லுல அடங்கிடுது.

இதுலயும் ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன். ஒண்ணு கல்லு. திண்ணைக்கு வாங்குன கடப்பால ஒரு துண்டு மீதி கிடந்துச்சு, அதுலயே கோடு போட்டு வெயில்ல வச்சா கறுப்புக் கல்லுல நிழலே தெரியல! பாலிஷ் போடாத வெளிர் கிரானைட் துண்டு தேடி நாலு கடை அலைஞ்சேன், பாலிஷ் போட்டது கண்ணு கூசுது, வாங்காதீங்க. கோடு வெட்டினவர் கல்வெட்டு அடிக்கிறவர், அவர்கிட்ட எழுத்துக்குத்தான் ரேட் இருக்கு, கோட்டுக்கு இல்ல, 9 கோட்டையும் 9 எழுத்தா கணக்கு வச்சு வாங்கிக்கிட்டார், ஆனா வெட்டு அவ்வளவு சுத்தம். இந்த மாதிரி வேலைக்கு கிரானைட் கடைக்காரங்களை விட கல்வெட்டு ஆளுங்களைப் பிடிங்க.

இன்னொண்ணு தகடோட கனம். 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. நான் எல்லா அளவையும் தகட்டோட நடுக்கோட்லேர்ந்து எடுத்து அட்டைல டிரையல் பாத்தேன், காலைல 4 நிமிஷம் பிந்துது, மத்தியானம் 4 நிமிஷம் முந்துது. மூணு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். காலை நிழல் மேற்கு விளிம்புலேர்ந்து விழுது, மத்தியான நிழல் கிழக்கு விளிம்புலேர்ந்து விழுது, அப்ப காலைக் கோடெல்லாம் மேற்கு முகத்துலேர்ந்து, மத்தியானக் கோடெல்லாம் கிழக்கு முகத்துலேர்ந்துதான் அளக்கணும். 3 மில்லிமீட்டர் தப்பு, ஆனா 12 மணிக்குப் பக்கத்துல அது நாலரை நிமிஷம். கல்லுல வெட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது பெரிய புண்ணியம். சூரியனே அரை டிகிரி அகலம் இருக்கு, நிழல் விளிம்பு மங்கலாத்தான் விழும், அதனால 2 நிமிஷத்துக்குக் கீழ யாராலயும் படிக்க முடியாது. நாலரை அப்படி விடக்கூடாது.

வடக்கு பாத்தது சங்கு, அதாவது செங்குத்துக் குச்சி, நட்டு சுத்தி வட்டம் போட்டு, காலைலயும் சாயந்தரமும் நிழல் நுனி வட்டத்தைத் தொடுற இடத்தைக் குறிச்சுத்தான். மொபைல் காம்பஸ் பக்கத்துல இருக்கிற இரும்பு ஊஞ்சலால ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு திசை காட்டுச்சு, அதை நம்பாதீங்க.

இப்ப அந்த 21 நிமிஷம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, திருச்சி 78.7ல இருக்கு, டிகிரிக்கு 4 நிமிஷம், அதுல 15 போயிடுது. மீதி 6 ஜூலை மாசத்துக்கு உண்டானது, பூமி சுத்துற பாதை வட்டமா இல்லாததாலயும் அச்சு சாஞ்சிருக்கிறதாலயும் வர்றது. இதே கல்லு பிப்ரவரி நடுவுல 12 காட்டறப்ப கடிகாரத்துல 12:29 இருக்கும், நவம்பர் ஆரம்பத்துல 11:59. அந்த 15 நிமிஷத்தை கோட்லயே சேர்த்து வெட்டிடலாமேன்னு டீச்சர் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். புள்ளைங்க வாரா வாரம் வித்தியாசத்தை எழுதி கிராஃப் போடட்டும், வருஷம் முடியறப்ப அந்த வளைவு அவங்க கையாலயே வரும்.

கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதில்ல ஒரு பழைய சூரிய கடிகாரம் இருக்கு, பசங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போகணும், வேன் வாடகைக்கு காலனில பேசிட்டிருக்கேன். போர்டும் வெயில்பட்டு வெளுக்குது. எங்க காலத்துல கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைச்சு தேய்ப்போம், அதை இந்தப் பசங்களோட செஞ்சு பாக்கணும்னு ஆசை.

அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் 25 வருது, திருச்சிக்கு நிழலில்லா நாள், உச்சி வேளைல நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதுக்கு ஒரு அடி பைப்பை செங்குத்தா நிறுத்தணும். தகடு இன்னும் கிளாம்ப்லதான் நிக்குது, மேல் விளிம்பை அரம் போட்டு மழுக்கி எபாக்ஸி வச்சு நாளைக்கு ஒட்டிடுவேன், புதன்கிழமை ஏழாம் வகுப்பு வருது.